பைபர் ஏ-9 வீதியோடு நின்றுவிடக் கூடாது

மூன்று மாதம் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று பொறுத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்குப் பைபர், அதாவது கண்ணாடி நூல் வயரால் வரும் இணையம், வந்தது. இப்போது சித்திரையும் பிறந்துவிட்டது. ஏழு வருடமாக ஜன்னலோரம் இருந்த 4ஜி ரவுட்டரைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, புதிதாக எங்கள் பக்கம் வந்த நிறுவனம் ஒன்றுக்கு மாறிவிட்டோம். "எப்படி இருக்குது, மாறலாமா?" என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அதோடு சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது.

எங்கள் வீடு கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்தியால் திரும்பி உருத்திரபுரம் போகும் பக்கம், உள் ஒழுங்கையில். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வீடுகள். நான் வீட்டில் இருந்தபடி கொழும்பில் உள்ள ஓரிடத்துக்குக் கட்டட வரைபடம் வரைந்து கொடுக்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். கனடாவில் இருக்கும் அண்ணாவின் முகத்தை இரவில் ஒரு தடவை பார்க்காமல் அம்மா படுக்கமாட்டார். இந்த மூன்று பேருக்கும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் இணையம் தேவைப்படும். 4ஜி படுத்துவிடுவதும் அதே நேரத்தில்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்று எனக்கு நெடுநாள் தெரியாது. ரவுட்டர் பழுது என்று நினைத்து ஒருமுறை புதிதும் வாங்கினேன். வீட்டு இணையம் என்று பெயர் வைத்து விற்றாலும் அந்தப் பெட்டி செய்வது கைபேசி செய்யும் அதே வேலைதான். ஒரு டவரின் அலையைச் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை கைபேசியும் அத்தனை ரவுட்டரும் பங்குபோடுகின்றன. காலமை பார்த்தால் 25 எம்பி (செக்கனுக்கு 25 மெகாபிட்) வேகம் காட்டும். பொழுதுபட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தபின் 2 எம்பிகூட வராது. மேலே அனுப்பும் வேகம் அதைவிட மோசம். 180 மெகாபைற் வரைபடக் கோப்பொன்றை இரவு அனுப்பப் போட்டுவிட்டுப் படுத்தால், விடிய எழும்பிப் பார்க்கும்போது பாதிவழியில் அறுந்து நிற்கும். அப்படியொரு நாளில் கையில் இருந்த வேலை ஒன்று போனது. வரைந்து முடித்த வீடு, நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது மகள் ஏழாம் ஆண்டு. சூம் வகுப்புக்கு எங்கள் வீட்டில் சிக்னல் போதவில்லை. வாய்க்கால் கட்டில் பாலை மரத்துக்குக் கீழே பாய் விரித்து, கைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள். பக்கத்தில் ஒரு தாயாவது காவல் இருப்போம். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த வருடத்தோடு கணிதத்தில் விழுந்தவர்கள்தான், பிறகு எழும்பவே இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன். இணையத்தை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

டேட்டா கணக்கையும் சொல்ல வேண்டும். பழைய பக்கேஜில் பெரிய எழுத்தில் ஒரு ஜிபி எண் இருந்தது. அதில் பாதிக்கு மேல் இரவு 12 மணிக்குப் பிறகுதான் பாவிக்கலாம். படிக்கிற பிள்ளை நள்ளிரவுக்குப் பிறகா வகுப்புக்குப் போகும்? பகல் பங்கு மாதத்தின் இருபதாம் திகதிக்குள் முடிந்துவிடும், மேலதிகமாகக் காசு கட்டி வாங்குவோம். மாறப்போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பகலில் எத்தனை ஜிபி, முடிந்தபின் என்ன வேகம் என்பதைத்தான். வேகத்தை அதற்குப் பிறகு கேட்கலாம்.

சரி, பைபருக்கு வருகிறேன்.

வயரைக் கொண்டுவந்த தம்பிமார் இரண்டு பேர். ஒழுங்கை முடக்கில் இரண்டு கம்பம் புதிதாக நட வேண்டியிருந்தது. அதற்கான காசில் ஒரு பங்கை நாங்கள் கட்டினோம். கம்பத்தை விட்டு வேலிக் கிளுவையில் கட்டிக் கொண்டுவந்தால் மலிவு என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கிளுவை வளரும், கதியால் வெட்டுவோம், குரங்கு வந்து தொங்கும். வயரை உள்ளே எடுக்கும்போது ஒரு தம்பி வெட்டி உரித்துக் காட்டினார். "அக்கா, இது கண்ணாடி. மேசைக் காலுக்குக் கீழ மாட்டி நெரிச்சுப் போடாதேங்கோ. முறிஞ்சால் வெளிச்சம் போகாது" என்றார். ஏறத்தாழத் தலைமயிர் அளவுக்கு மெல்லிய நூல். வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி அதிலும் மெல்லியது, ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை.

தூய கண்ணாடி நூலால் வெளிச்சத்தை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966 இல் எழுதிக் காட்டியவர் சார்ள்ஸ் காவோ. அதற்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அந்த ஒக்டோபரில் நாங்கள் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்தோம். அண்ணா உயிரோடு இருக்கிறாரா என்று அறிய அம்மா நாள்கணக்கில் அலைந்தார். போர்க்காலத்தில் வெளிநாட்டு அழைப்பு ஒன்றுக்காகக் கொமினிக்கேசன் (தொலைபேசிக் கடை) வாசலில் காத்துக் கிடந்த சனம் நாங்கள். ஒரு குரல் வந்துசேர்வதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அம்மா விறாந்தையில் இருந்து அண்ணாவின் பேரப்பிள்ளை தவழ்வதைத் தெளிவாகப் பார்க்கிறார். படம் இடையில் உறைந்து நிற்பதில்லை. அவர் "கேட்குதா, கேட்குதா" என்று கத்துவதை விட்டுவிட்டார். இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது இதுதான்.

வேகம் எவ்வளவு என்று கேட்டீர்கள். இறக்கம் 90 எம்பிக்கு மேல், ஏற்றம் 40. பின்னேரம் ஏழு மணிக்கும் இரண்டும் பெரிதாக விழுவதில்லை. அந்த 180 மெகாபைற் கோப்பு ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிறது. பைபரும் பங்குபோடுவதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து வரும் ஒரு நூலைப் பிரித்து வழக்கமாக 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ கொடுப்பார்கள். ஆனால் பரவலாகப் பாவிக்கும் முறையில் அந்த ஒரு நூலில் வருவது ஏறத்தாழ 2.5 ஜிகாபிட். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் ஒரு வீட்டுக்கு 78 எம்பி அளவில் விழும். டவர் பங்கையும் இந்தப் பங்கையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

எங்கள் ஊருக்குத் தனியாகப் பொருந்தும் இரண்டு நன்மைகளும் உண்டு. ஒன்று இடி. ஐப்பசியில் இங்கே விழும் இடியைப் பற்றி வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செப்பு வயரில் தொலைபேசி வைத்திருந்த உறவினர் வீட்டில் இரண்டு முறை பெட்டி கருகியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வெளியே வயரைத் தாங்கிவரும் இரும்புக் கம்பியை எங்கள் வீட்டில் கூரைத் தாழ்வாரக் கொக்கியோடு வெட்டி நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பெட்டிக்குக் கரண்ட் வயர் இருக்கிறதே, அதால் இடி வரும். மழை இருட்டும்போது பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை நான் விடவில்லை. மற்றது கரண்ட். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, டவர் பற்றரி இறங்கி ஊரே ஊமையானது நினைவிருக்கும். இந்த நூல் வரும் வழியில், பிரிக்கும் இடம் உட்பட, கரண்ட் தேவைப்படும் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் அலுவலகத்தில் ஜெனரேற்றர் ஓடினால், இந்தப் பக்கம் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரியே போதும். நான் வாங்கி வைத்திருக்கிறேன், மூன்று மணித்தியாலம் தாங்குகிறது.

குறையும் நடந்தது. மாசியில் அறுவடை. நெல் வெட்டும் இயந்திரம் ஒழுங்கையால் வந்தபோது மேலே போன வயரை இழுத்து அறுத்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. அறிவித்தோம், இரண்டரை நாள் சென்றுதான் ஆள் வந்தது. அதுவும் வவுனியாவிலிருந்து. வந்த தம்பி நல்லபடியாக இணைத்து, கம்பத்தில் வயரை உயர்த்தியும் கட்டிவிட்டுப் போனார். என்றாலும் இரண்டரை நாள் கூடத்தான். எந்த நிறுவனம் வந்து கதவைத் தட்டினாலும் திருத்துகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் கிளிநொச்சி என்றால் ஒரு கதை, வவுனியா என்றால் வேறு கதை.

மாறும்போது பழையதை உடனே நிறுத்த வேண்டாம். புதியது ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடட்டும். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு மாதம் இரண்டு பில்லும் கட்டினேன், அந்தக் காசு வீணாகவில்லை. இணைத்தவுடன் வெளிச்சத்தின் அளவை மீற்றரில் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு −20 dBm காட்டியது. −27 க்குக் கீழே இறங்கினால் இணைப்புத் தடுமாறத் தொடங்கும். பெட்டியை அலுமாரிக்குள் வைக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். கண்காணிப்புக் கமரா வைத்திருப்பவர்கள், வெளியூரிலிருந்து அதைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. சில இணைப்புகளில் பல வீடுகள் வெளியே ஒரே முகவரியால் போவதால் பழைய வகைக் கமராக்கள் வேலை செய்யாது.

இனி நான் சொல்லவந்தது.

முதல் தடவை விண்ணப்பித்தபோது எங்களுக்குக் கிடைத்த பதில், "உங்கட பக்கம் வீடுகள் குறைவு" என்பதுதான். பைபர் ஏ-9 பெருவீதி ஓரத்தோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணம் போகும் பெரிய நூல் எங்கள் சந்தி தாண்டி எத்தனையோ வருடமாக ஓடுகிறது. வங்கிக்கும் பெரிய கடைக்கும் அது கிளை விட்டது, இரண்டு கிலோமீற்றர் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு விடவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் கமக்காரருக்கு இது விளங்கும். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவருக்கு எப்போதும் தண்ணீர். கடைசிக் காணிக்காரரோ மண்வெட்டியோடு இரவிரவாக விழித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கமக்காரர் அமைப்பு, கூட்டம், முறைவைத்துத் தண்ணீர் விடுதல் எல்லாம் உண்டானது. பைபருக்கு அப்படி ஒரு முறையும் இல்லை. கட்டணத்தில் 18 வீத வற் வரியை உள் ஒழுங்கைக்காரரும் வெட்டுக்குறைவில்லாமல் கட்டுகிறோம்.

இப்போது செய்மதி இணையம் வந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2025 ஆடியில் இலங்கையில் தொடங்கியது உண்மை. கடலோரத்துக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் அது உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்குப் போகும் குடும்பம் அதற்கான டிஷ் தட்டையும் வாங்கி அந்த மாதக் காசையும் கட்டுமா? ஒரு ஒழுங்கைக்கு நாலு கம்பம் நட்டால் முடிகிற விடயத்துக்கு வானத்தைக் காட்டுவது சரியில்லை. மின்கம்பம் எல்லா ஒழுங்கையிலும் நிற்கிறது. அதில் பைபர் வயரைக் கொண்டுபோக நிறுவனங்களுக்கு இலகுவான அனுமதியும், நகரத்தில் இணைப்புக் கொடுப்பவர் உள்ளேயும் இத்தனை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு செய்ய வேண்டிய வேலை இது.

எங்களுக்கு எப்படி வந்தது? பதினொரு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தோம். கடைசிக் கம்பத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை மீற்றர் என்று மகள் அளந்து படம் கீறிக் கொடுத்தாள். தனித்தனியாகக் கேட்டபோது இல்லை என்றவர்கள் ஆறு கிழமையில் வந்தார்கள்.

எங்களுக்குப் பின் ஒழுங்கையில் ஒன்பது வீடு. அங்கிருந்து ஒரு பிள்ளை பின்னேரங்களில் எங்கள் விறாந்தைக்கு வந்து மகளோடு இருந்து படிக்கிறது. ஏழு மணியானால் தகப்பன் சைக்கிளோடு படலையில் வந்து நிற்பார். அந்த ஒன்பது வீட்டுப் பெயரும் நேற்று எழுதி முடித்தோம், தூரம் 640 மீற்றர், புதுக் கம்பம் ஐந்து தேவைப்படும். திங்கட்கிழமை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வட்டக்கச்சி, தர்மபுரம், முறிகண்டி, ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு, கடைசிக் கம்பம் எங்கே நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். நாங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியை அனுப்பிவிடுகிறேன்.