பிரேக் லைட் எரியலன்னா வெறும் 100 ரூபாயா?

மேலே ஒருத்தர், "பின்னாடி சிவப்பு லைட் எரிஞ்சா போதும், பிரேக் லைட்டுக்கெல்லாம் 100 ரூபாய்தான் ஃபைன்"னு போட்டிருக்கார். ரெண்டுமே தப்புங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 190(1) படி, வண்டியில பழுது இருக்குன்னு தெரிஞ்சோ, கொஞ்சம் கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கிற நிலையிலயோ ஓட்டினா 1,500 ரூபாய் வரைக்கும் அபராதம். "எனக்குத் தெரியாது சார்" அங்க எடுபடாது. அந்தப் பழுதால விபத்தாகி யாருக்காவது அடிபட்டாலோ பொருள் சேதமானாலோ 3 மாசம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது ரெண்டும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஏறின தொகை இது.

நிறைய பைக்ல ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை. 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. பெரிய இழை போயிட்டாலும் சின்னது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். என் வண்டியில அப்படித்தான் ஏமாந்தேன். ராத்திரி சுவர் பக்கம் பின்புறத்தைத் திருப்பி நிறுத்தி பிரேக்கை அழுத்துங்க, சுவர்ல சிவப்பு பளிச்னு கூடணும். கை பிரேக், கால் பிரேக் ரெண்டையும் தனித்தனியா பாருங்க, சுவிட்ச் வேற வேற.

60 கி.மீ. வேகத்துல பின்னாடி வர்றவர் ஒரு செகண்ட் தாமதமா சுதாரிச்சா, அதுக்குள்ள கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்திருப்பார். பல்பு விலையோ டீ, வடைக் காசுதான்.