தெரிஞ்சுதானே எடுத்தீங்க?

2024 அக்டோபர் கடைசி வாரம். ஞாயிற்றுக்கிழமையிலேர்ந்து என் டைம்லைன் முழுக்க ஒரே மீம்தான். ஆக்சிஜன் மாஸ்க் மாட்டின குவார்ட்டர்பேக், அதாவது அமெரிக்க ஃபுட்பால்ல பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற ஆள். சரி, சிரிச்சாச்சு. இப்போ நம்ம இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி நிர்வாகமும் அந்தச் சிரிப்புல சேர்ந்துக்கிட்டு அந்த குவார்ட்டர்பேக் ஆன்டனி ரிச்சர்ட்சனை பெஞ்சுல உக்கார வெச்சிடுச்சு. 22 வயசுப் பையனுக்குப் பதிலா 39 வயசு ஜோ ஃபிளாக்கோ. ஒரு வாரத்துக்கு இல்ல, இனிமே அவர்தானாம். மூச்சு வாங்கி அவன் வெளியே வந்த அந்த ஒரு பிளேவுக்காக (பிளேன்னா பந்தை ஒரு தடவை எடுத்து ஆடுறது) எடுத்த முடிவு இல்லைன்னு கோச் ஷேன் ஸ்டைக்கன் சொல்றார். நம்பிட்டோம் கோச்.

அந்த ஒரு பிளேவை முதல்ல பேசி முடிச்சிடலாம். ஹூஸ்டன்ல மூணாவது குவார்ட்டர், மூணாவது டவுன், அதாவது மூணாவது முயற்சி. ஓடி ஓடி மூச்சு வாங்கி, ஒரே ஒரு பிளேவுக்கு வெளியே வந்துட்டான். ஆட்டம் முடிஞ்சதும் கேட்டாங்க. சோர்வா இருந்துச்சு, அடுத்த பிளே ஆட முடியும்னு தோணல, அதனால பிரேக் கேட்டேன்னு மறைக்காம சொல்லிட்டான். தப்புதான். டிஃபென்ஸ்ல 300 பவுண்டு ஆளுங்க மூச்சு வாங்கினா மாறி மாறி வெளியே போய் வருவாங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க. குவார்ட்டர்பேக் அப்படிப் போகக்கூடாது. ஹெல்மெட் ரேடியோவுல வர்ற பிளேவை, எல்லாரும் கூடி நிக்கிற ஹடில்ல சொல்றதும், யார் யாரைத் தடுக்கணும்னு கடைசி நொடியில மாத்துறதும் அவன் வேலை. டைம்-அவுட் கேட்டிருக்கணும், அதுக்குத்தான் ஒரு பாதிக்கு மூணு குடுத்திருக்காங்க. பந்தை எடுத்துக் குடுக்கிற சென்டர் ரயன் கெல்லி மாதிரி மூத்தவங்க வருத்தப்பட்டதுல நியாயம் இருக்கு. ஒத்துக்கிறேன். இதுக்கு மேல அதைப் பத்தி ஒத்துக்க எனக்கு ஒண்ணும் இல்ல.

என் கேள்வி வேற. இவன் யாருன்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?

2023 டிராஃப்ட்ல, அதாவது கல்லூரிப் பசங்களை அணிங்க வரிசையா எடுக்கிற தேர்வுல, நாலாவது இடம். ஃபுளோரிடா யுனிவர்சிட்டியில மொத்தமே 13 ஆட்டம்தான் ஸ்டார்ட்டரா (ஆட்டத்தை ஆரம்பிக்கிற ஆளா) ஆடினான். 2022 சீசன்ல கம்ப்ளீஷன் 53.8 சதவீதம், அதாவது எறிஞ்ச பந்துல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஆள் கைக்குப் போச்சு. அதே பையன் ஆறடி நாலு அங்குலம், 244 பவுண்டு, 40 யார்டை 4.43 நொடியில ஓடினான். நின்ன இடத்துலேர்ந்து 40.5 அங்குலம் எம்பினான். உடம்பு பூரா தங்கம், கையில அனுபவம் கொஞ்சம்னு ஊருக்கே தெரியும். ஜெனரல் மேனேஜர் கிறிஸ் பாலர்டுக்குத் தெரியாதா? அப்போ ஓனரா இருந்த ஜிம் இர்சேவுக்குத் தெரியாதா? பொறுமையா வளர்க்கணும்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?

போன வருஷம் நாலே ஆட்டம். நாலாவதுல எறியிற தோள் போச்சு, ஆபரேஷன், சீசன் முடிஞ்சுது. இந்த வருஷம் ஆறு. ஆக, என்.எஃப்.எல்.ங்கிற இந்த லீக்ல மொத்தம் பத்து ஸ்டார்ட். கல்லூரியையும் சேர்த்தா 23. இதுதான் அவனோட முழு அனுபவம். நாற்றை நட்டுட்டு வேர் பிடிச்சிருக்கான்னு தினமும் பிடுங்கிப் பார்க்கிற கதைதான் இது.

இந்த சீசன்ல கம்ப்ளீஷன் 44.4 சதவீதம், 4 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பந்து). ஹூஸ்டன்ல எறிஞ்ச 32-க்கு 10-தான் சேர்ந்துச்சு. இந்த எண்களை எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம், மனப்பாடம் ஆயிடுச்சு. மோசம்தான். ஆனா எதனால மோசம்னு பார்த்தவங்க எத்தனை பேர்?

ஷாட்கன்ல, அதாவது சென்டருக்குக் கொஞ்சம் பின்னால நின்னு, பந்தை வாங்கினதும் பின்னால மூணு ஸ்டெப். மூணாவதுல வலது கால் ஊனும்போது கண் முதல் ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுறவன்) மேல இருக்கணும். அவன் ஃப்ரீயா இருந்தா அப்பவே பந்தை விடணும். இல்லைன்னா முன்னால சின்னதா ஒரு துள்ளல், ஹிட்ச்னு சொல்வாங்க, அதோட ரெண்டாவது ஆள். இன்னொரு ஹிட்ச், மூணாவது ஆள். கண் எங்கே போகணும்கிற கணக்கைக் கால்தான் வெச்சிருக்கும். ரிச்சர்ட்சனுக்குக் கண் ரெண்டாவது ஆளுக்குப் போயிடுது, கால் இன்னும் முதல் ஆள் பக்கமே நிக்குது. இடுப்பு திரும்பல. அப்போ மொத்த விசையும் தோள்லேர்ந்துதான் வரணும். இடது கால் ரொம்ப எட்டி விழுந்தா எடை பின்னாலேயே தங்கிடும், பந்து ரிசீவர் தலைக்கு மேல போகும். அதே கால் குறுக்கே விழுந்தா ரிசீவர் முதுகுக்குப் பின்னால போகும்.

50 யார்டு பந்துல இந்தத் தப்பு அவ்வளவா தெரியாது. பந்து காத்துல இருக்கிற நேரத்துல நம்ம ரிசீவர் அலெக் பியர்ஸ் ஓடிப்போய் அடியில நின்னுக்குவார். முதல் வாரம் இதே ஹூஸ்டனுக்கு எதிரா 60 யார்டு டச்டவுன் அப்படித்தான் வந்தது. ரிசீவர் குறுக்கே வெட்டி ஓடுற ஆறு யார்டு ஸ்லாண்ட்ல ஓரடி தப்பினா பந்து ரிசீவர் விரல்ல பட்டு மேல எகிறும், எதிரணியோட கடைசிக் காவல், சேஃப்டி, அவன் மடியில விழும். அதான் உலகத்துலேயே கஷ்டமான பந்தைப் போடுறவன், பக்கத்து வீட்டுப் பையன்கூடப் போடுற பந்தைத் தப்பா போடுறான்.

இது கண்ணாடி முன்னாடி நின்னா சரியாகிற வியாதியும் இல்ல. பிராக்டிஸ்ல குவார்ட்டர்பேக்குக்குச் சிவப்பு ஜெர்சி, யாரும் தொடக்கூடாது. யாரும் அடிக்க வராத இடத்துல எல்லார் காலும் அழகாத்தான் நிக்கும். பேட் மாட்டி முழு வேகத்துல பண்ற பிராக்டிஸ் சீசன் முழுக்கவே 14-தான், விதி அப்படி. புதன், வியாழன் நடக்கிற பெரிய பிராக்டிஸ்ல முதல் அணியோட ஸ்னாப் (ஆடிப் பார்க்கிற வாய்ப்பு) கிட்டத்தட்ட எல்லாம் ஸ்டார்ட்டருக்குத்தான். பெஞ்சுல இருக்கிறவன் ஸ்கவுட் டீம்ல நின்னு, அட்டையில வரைஞ்சு காட்டுற எதிரணி பிளேவை நம்ம டிஃபென்ஸுக்கு ஆடிக் காட்டணும். அவனோட சொந்த பிளே இல்ல, சொந்த ரிசீவரும் இல்ல. இனிமே ரிச்சர்ட்சன் செய்யப்போற வேலை இதுதான். "வெளியே உக்காந்து கத்துக்கட்டும்"னு நம்ம ரசிகர் குழுவுல எழுதின அண்ணன்மாரே, எதைக் கத்துக்குவான்? ஐபேடைப் பார்த்துக் காலை எங்கே வைக்கணும்னா?

"ஆரோன் ராட்ஜர்ஸ் மூணு வருஷம் உக்காரலையா? மஹோம்ஸ் ஒரு வருஷம் உக்காரலையா? ஜோர்டன் லவ்?" வரும்னு தெரியும், வந்துடுச்சு. அந்த குவார்ட்டர்பேக்குங்க ஸ்டார்ட்டரா ஆடுறதுக்கு முன்னாடி உக்காந்தாங்க. "இது உன் அணி"ன்னு சாவியைக் குடுத்துட்டு பத்தாவது ஆட்டத்துல பிடுங்கலை. அவங்க எல்லாரும் கல்லூரியில இவனைவிட எத்தனையோ ஆட்டம் அதிகமா ஆடிட்டு வந்தவங்க. உக்கார வைக்கணும்னா 2023 செப்டம்பர்லேயே வெச்சிருக்கணும். நானே கை தட்டியிருப்பேன்.

"நாலு வெற்றி, நாலு தோல்வின்னு 4-4ல இருக்கோம், நாக்-அவுட் சுற்றுக்கு, பிளேஆஃபுக்கு, வாய்ப்பு இருக்கு, லாக்கர் ரூம்ல மத்த 52 பேருக்கும் நியாயம் வேணாமா?" இது நல்ல கேள்வி. ஃபிளாக்கோ மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. லீக்கோட இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்ல எம்.வி.பி. (சிறந்த வீரர்), போன வருஷம் கிளீவ்லாந்தைத் தூக்கி நிறுத்தினவர். ரிச்சர்ட்சன் இடுப்புப் பக்கம் அடிபட்டு இல்லாதப்போ ஜாக்சன்வில்லுக்கு எதிரா 359 யார்டு, மூணு டச்டவுன் போட்டார். அந்த ஆட்டத்தோட முடிவு என்ன? 37-34, தோல்வி. அடுத்த வாரம் டென்னசியை மூணு பாயிண்ட்ல ஜெயிச்சோம். அவர் ஸ்டார்ட் பண்ணது ரெண்டு, ஜெயிச்சது ஒண்ணு. இதுக்கா எதிர்காலத்தை அடகு வைக்கிறோம்?

அனுபவஸ்தர் குவார்ட்டர்பேக்ங்கிற இந்த மருந்தை நாம இதுக்கு முன்னாடி குடிக்கலையா? 2019 பிரிசெட். 2020 ஃபிலிப் ரிவர்ஸ். 2021 கார்சன் வென்ட்ஸ். 2022 மேட் ரயன், போதாததுக்கு நடுவுல ஏலிங்கர், நிக் ஃபோல்ஸ். 2023 மின்ஷு. ஒவ்வொரு வருஷமும் "இவர் அனுபவஸ்தர், இந்த வருஷம் பாருங்க". பார்த்தோம். நாலு அணி இருக்கிற நம்ம டிவிஷனை ஜெயிச்சு பத்து வருஷம் ஆச்சு. கடைசியா பிளேஆஃப்ல ஒரு ஆட்டம் ஜெயிச்சது 2019 ஜனவரியில, அதுவும் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் இருந்தப்போ.

இதே ஊர் 1998-ல என்ன செஞ்சதுன்னு இங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா? பேட்டன் மேனிங்னு ஒரு பையன். 28 இன்டர்செப்ஷன், ரூக்கி (முதல் வருஷ ஆட்டக்காரன்) யாரும் அதுக்கு முன்னாடி போடாத அளவு. அணி 3-13. பெஞ்சுல வெச்சாங்களா? 16 ஆட்டமும் ஸ்டார்ட் பண்ண வெச்சாங்க. அடுத்த வருஷம் 13-3. பஃபலோ அணியோட ஜாஷ் ஆலன் முதல் வருஷம் கம்ப்ளீஷன் 52.8 சதவீதம், பத்து டச்டவுனுக்கு பன்னெண்டு இன்டர்செப்ஷன். பஃபலோ விடலை, மூணாவது வருஷம் 69.2. 

"ஆலன் ஒருத்தன் தேறினான், தேறாம போனவங்க எத்தனை பேர்?" நிறைய பேர். ரிச்சர்ட்சனும் தேறாம போகலாம். ஆனா பத்து ஆட்டத்துல அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது? எனக்குத் தெரியலையே. பாலர்டுக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிற ஒரே வழியைத்தான் இப்போ அடைச்சிருக்கார். கரோலினா அணியும் செப்டம்பர்ல தன் இளம் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை இப்படித்தான் உக்கார வெச்சது. இப்போ பதிலுக்கு ஆடின ஆண்டி டால்டன் கார் விபத்துல கட்டைவிரல்ல அடிபட்டதால திரும்ப இறக்கியிருக்கு. திட்டம்னு இதுக்குப் பேரா?

ஆட விட்டுக்கிட்டே சரி பண்ண வழியே இல்லையா? இருக்கு. ஸ்டைக்கன் ஃபிலடெல்ஃபியாவுல குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெச்சு ரெண்டு வருஷம் செஞ்ச வேலைதான். பந்தோட ஓடுற ரன்னிங் பேக்குக்குப் பக்கவாட்டுல போடுற சின்னப் பாஸ் ஆட்டத்துக்கு ஆறேழு. மைதானத்துல பாதியை மட்டும் பார்த்தா போதும்கிற பிளே, ரெண்டே ஆள், ரெண்டும் இல்லைன்னா ஓடு. அவனையே ஓடச் சொல்ற பிளே ஆட்டத்துக்கு அஞ்சாறு, அதுக்கு மேல வேணாம், மூச்சு வாங்கும்னுதான் தெரிஞ்சு போச்சே. நம்ம ரன்னிங் பேக் ஜோனத்தன் டெய்லர் இப்போதான் கணுக்கால் சரியாகித் திரும்பி வந்திருக்கார். இதையெல்லாம் செஞ்சு பார்க்கிறதுக்குப் பதிலா, எறியிற பந்தோட சராசரி தூரத்துல லீக்லேயே இவனை முன்னாடி நிறுத்தி வெச்சிருக்காங்க. தூரமா எறிய வெச்சவர் யாரு? அவருக்கு பெஞ்ச் கிடையாதா?

உண்மையிலேயே வலிக்கிறது என்னன்னா அந்தச் சிரிப்பு. 2019 ஆகஸ்ட் 24 ராத்திரி. ஆண்ட்ரூ லக் ரிட்டையர் ஆகப்போற செய்தி கசிஞ்சதும், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல அவர் நடந்து வெளியே போகும்போது நம்ம ரசிகர்களே கூவினாங்க. 2015-ல சிறுநீரகம் கிழிஞ்ச மனுஷன். தோள் ஆபரேஷனால ஒரு சீசனையே தொலைச்ச மனுஷன். வலி, சிகிச்சை, திரும்ப வலி, இனி முடியலன்னு உண்மையைச் சொன்னதுக்குக் கூவல். இப்போ இவன் சோர்வா இருந்துச்சுன்னு உண்மையைச் சொன்னதுக்கு மீம். ஹெல்மெட்ல ரேடியோ கேக்கலன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் இவன்தான் ஸ்டார்ட்டர். எழுதி வெச்சுக்குங்க.

நம்ம குழுவுலேயே ஒரு அண்ணன், "கோடிக்கணக்குல வாங்குறான், மூச்சு வாங்குதாம்"னு போட்டிருந்தார். சுமார் 3.4 கோடி டாலர், நாலு வருஷம், மொத்தமும் உத்தரவாதம். உக்கார வெச்சாலும் அந்தக் காசு போகத்தான் போகுது அண்ணே. ஒரு டாலர்கூட மிச்சமாகாது.

ஒப்பந்தத்தை அஞ்சாவது வருஷத்துக்கு நீட்டிக்கிற ஆப்ஷனைப் பத்தி 2026 மே மாசத்துக்குள்ள முடிவு சொல்லியாகணும். இந்த சீசன்ல ஒன்பது ஆட்டம் பாக்கி, அடுத்த சீசன்ல 17. இவன் குவார்ட்டர்பேக்கா இல்லையான்னு பார்க்க மொத்தம் கையில இருக்கிறது அந்த 26-தான். அதுல முதல் ஆட்டம் ஞாயிறு ராத்திரி மினசோட்டாவுல, லீக்லேயே அதிகமா பிளிட்ஸ் பண்ற, அதாவது குவார்ட்டர்பேக் மேல கூடுதல் ஆளை ஏவுற, பிரையன் ஃபுளோரஸ் டிஃபென்ஸுக்கு எதிரா. ஓட முடியாத 39 வயசுக்காரரை அங்கதான் அனுப்புறோம். ஓடத் தெரிஞ்சவன் பெஞ்சுல, கையில கிளிப்போர்டு.