பெயரிலேயே தோல் தொழிற்சாலை

சென்னைப் புறநகரான குரோம்பேட்டை வளர்ந்ததற்கு, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலைதான் காரணம் என்று ஊரைப் பற்றிய உங்கள் கட்டுரை முடிக்கிறது. பாதிதான் சரி. ஊரின் பெயரையே விட்டுவிட்டீர்களே! சேம்பர்ஸ் என்பவர் இங்கே நடத்திய குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. அதுவரை நம் ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோலைப் பதனிடுவார்கள், பல வாரம் ஆகும். குரோமிய உப்பில் சில நாளில் வேலை முடிந்துவிடும். அந்த உப்பின் பெயரை ஒரு ஊரே சுமக்கிறது என்பது இன்று ரயிலில் இறங்குகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் ரயில். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், பட்டணத்தில் வேலை, இங்கே வீடு என்பது சாத்தியமானது. சாலை நெரிசலெல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்த கதை.

1949-ல் தொழிலதிபர் சி. ராஜம் தன் வீட்டை விற்று இங்கே தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) பொறியியல் கல்லூரிக்கும் ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம் சார் அது! 2021-ல் ஊர் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்ததற்கு மட்டும் மூன்று பத்தி.