கலன் வைக்கப் பணம் உண்டு, கலனை ஓட்ட?

இரண்டு நாளாக, ஓடாமல் நின்றுபோன ஒரு துருப்பிடித்த பயோகேஸ் கலனின் படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். சமையலறைக் கழிவை மூடிய கலனில் மக்கவைத்து அடுப்புக்கு வாயு எடுப்பார்களே, அந்தக் கலன். "வீட்டுக் குப்பையில் பயோகேஸ் என்பதெல்லாம் கதை, மானியம் வீண்" என்று கீழே வரிசையாகக் கருத்துகள். பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அதைப் பராமரித்தவரின் சம்பளம் நின்ற பிறகுதான் அந்தக் கலன் நின்றது. இதை ஏன் ஒருவரும் பகிரவில்லை? கலன் வைக்கப் பணம் கொடுக்கிறார்கள், ஓட்டக் கொடுப்பதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வைத்த புதிதில் புளிப்பான பழத்தோல்களை ஒரே நாளில் நிறையக் கொட்டிவிட்டேன். உள்ளே அமிலம் ஏறி வாயு நின்றுபோனது. அந்த வாயுவில் எரிவதே மீத்தேன்தான், அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தாங்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மானியக் கோப்பு முடிந்த அன்றோடு எல்லோரும் போய்விட்டார்கள். பொருத்தியவர் போனையே எடுக்கவில்லை. கழிவு போடுவதை நிறுத்தி, சுண்ணாம்பு நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து நானே மீட்டேன். எத்தனை பேர் அப்படிக் காத்திருப்பார்கள்?

"மக்கள் குப்பையைப் பிரித்தே தருவதில்லையே" என்பீர்கள். சரி, அது உண்மை. என் வீட்டிலேயே பழக்கப்படுத்தப் பல மாதம் ஆனது. ஆனால் தென்கொரியா 2005இல் உணவுக் கழிவை நிலத்தில் கொட்டத் தடை போட்டது, அப்புறம் போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணமும் வாங்கியது. மக்கள் பிரித்தார்கள்.

"எரித்து மின்சாரம் எடுக்கலாமே" என்பவர்களுக்கு: சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். அதை ஆவியாக்கவே கணிசமான வெப்பம் போய்விடும்.

"வரிப்பணம் எதற்கு?" என்ற கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. குப்பையை லாரியில் ஏற்றிப் போய்க் கொட்டுவது யார் பணம்? கொட்டிய மேட்டில் தீப்பிடித்தால் அணைப்பது யார் பணம்? அங்கே காற்றில் கலக்கும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். அந்தச் செலவை யாரும் வீண் என்று சொல்லிக் கேட்டதில்லை. பயோகேஸ் மட்டும் முதல் நாளிலிருந்தே லாபம் காட்ட வேண்டும்.

உற்பத்தியான வாயுவுக்கு மாதாமாதம் பணம் கொடுங்கள். பழுது பார்க்க ஓர் ஆளை வையுங்கள். நாலு வருடமாகக் கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், நாற்றம் என்று முகம் சுளித்தவர்களைக்கூட நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் அந்த வாயுவில் போட்ட தேநீரை என் வீட்டில் உட்கார்ந்து குடித்தவர்கள்.