'பார்வை' வரியை விட்டுவிட்டீர்களே
அலுவலகக் கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று வரிசையாகச் சொன்ன உங்கள் கட்டுரை, எந்தக் கடிதம் அல்லது ஆணை தொடர்பாக எழுதுகிறோமோ அதன் எண்ணையும் நாளையும் குறிக்கும் 'பார்வை' என்ற வரியைத் தொடவே இல்லை. அரசு அலுவலகத்துக்கு எழுதுகிறவர்களுக்கு உயிர்நாடியே அதுதான். மரச்சாமான் செய்யும் சிறிய கம்பெனியில் கடிதம் அடிப்பது என் வேலை. ஓர் அலுவலகத்துக்கு மேசை கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மூன்று கடிதம் போட்டோம், பதிலே இல்லை. நேரில் போனபோது அங்கிருந்த எழுத்தர், "எங்க ந.க. எண்ணைப் போடலையே சார், எந்தக் கோப்புல சேர்ப்பேன்?" என்றார். ந.க. எண் என்பது அந்த அலுவலகம் தன் கோப்புக்குக் கொடுக்கும் எண். நான்காவது கடிதத்தில் அவர்களுடைய கொள்முதல் ஆணையில் இருந்த ந.க. எண்ணையும் நாளையும் 'பார்வை' வரியில் போட்டேன். பொருளையும் அவர்கள் பாணியிலேயே எழுதினேன்:

பொருள்: 40 மேசைகள் வழங்கியது – தொகை ரூ.1,86,000 நிலுவை – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

இந்தக் கோடு போட்ட நடை பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் தபால் பிரிக்கிறவர் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று பார்த்தவுடனே தெரிந்துகொள்வார். அந்தக் கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் வந்தது.

அப்புறம் இடது ஓரம். ஒன்றரை அங்குலமாவது விடுங்கள். கோப்பில் கட்ட ஓட்டை போடும்போது எங்கள் பழைய கடிதம் ஒன்றில் ரூபாய்க் கணக்கின் முதல் எண்ணே காணாமல் போயிருந்தது! 'தங்கள் உண்மையுள்ள' வேண்டுமா, 'இப்படிக்கு' போதுமா என்று கட்டுரைக்குக் கீழே சிலர் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும் சரி, கையெழுத்துக்குக் கீழே பெயரையும் பதவியையும் அடித்துவிடுங்கள்.