யார் பாடத்திலும் இல்லாத சொற்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு ஏன் அதிகம், பாறையில் இருக்கும் எந்தத் தாதுவிலிருந்து அது கரைந்து வருகிறது, மழைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பலர் அளந்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாமே ஆங்கிலத்தில். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகள் இன்று எம்.எஸ்சி. படிக்கிறார்கள். தங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றிய கட்டுரையை அவர்களால் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. எனக்கு இது தீராத வேதனை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டு வந்தால் ப்ராஜெக்ட். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, காரிமங்கலம் என்று அவரவர் ஊர் போரில் பாட்டிலில் பிடித்து வந்து பி.எச்., டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்), கடினத்தன்மை, ஃப்ளோரைடு எல்லாம் பார்ப்பார்கள். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே ஏராளம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீரும் வந்தது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆய்வுக்கூடத்தில் கையும் சுத்தம். 'இதுவரை வந்த ஆய்வுகளைப் படித்து ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டு வா' என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும்.

எங்கே தடுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டைட்ரேஷன், அயனி, அபடைட் போன்ற பாடச் சொற்களில் யாரும் தடுக்குவதில்லை. அவை வகுப்பில் வருகின்றன, தேர்விலும் வருகின்றன. வாட்டர், ராக், ஹை, லோ போன்றவை பள்ளியிலேயே வந்துவிட்டன. தடுக்குவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சொற்களில். அட்ரிபியூட், கன்சிஸ்டென்ட், சப்சிக்வென்ட், இம்ப்ளை, டெரைவ், கான்ஸ்டிட்யூட், வேரஸ், ஹென்ஸ். கட்டுரையின் எலும்பே இவைதான். எது காரணம், எது விளைவு, ஆசிரியர் எதை ஒத்துக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்பதைச் சொல்வது இவைதான். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: "மேடம், எல்லா வார்த்தையும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு, ஆனா கடைசியில அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு பிடிபடல."

இந்த நடுச் சொற்களை யார் சொல்லித் தருகிறார்கள்? வேதியியல் ஆசிரியர் 'அது ஆங்கிலத் துறை வேலை' என்பார். ஆங்கிலத் துறையில் பகுதி இரண்டு தாளில் உரைநடை, கவிதை, சிறுகதை, இலக்கணம் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாடத்திட்டம் அப்படி. ஆக, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைக்கு இந்தச் சொற்கள் எந்த வகுப்பிலும் கிடைப்பதில்லை. கிடைத்த மாதிரி எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படி ஓர் அடுக்கு இருப்பதைக் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களிலிருந்தும் கல்வி சார்ந்த எழுத்துகளைத் திரட்டினார். மொத்தம் 35 லட்சம் சொற்கள். ஆங்கிலத்தின் அடிப்படையான 2000 சொற்குடும்பங்களை (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஒதுக்கிவிட்டு, எல்லாப் புலத்திலும் திரும்பத் திரும்ப வருபவை எவை என்று பார்த்து, 570 சொற்குடும்பங்களை 2000-ஆம் ஆண்டில் பட்டியலாக வெளியிட்டார். அடிப்படைச் சொற்கள் அந்தத் திரட்டில் முக்கால் பங்கு. இந்த 570 குடும்பங்கள் சுமார் 10 விழுக்காடு. பத்துச் சொல்லுக்கு ஒன்று என்றால் வரிக்கு ஒன்றாவது வந்துவிடும். அவரே கதைப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தார். அங்கே இதே சொற்கள் 1.4 விழுக்காடுதான்.

இந்தக் கடைசி எண்ணை நம் ஊர்ப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். 'இங்கிலீஷ் படம் பாரு, கதைப் புத்தகம் படி, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் சேரு, தானா வரும்' என்கிறோம். படமும் கதையும் நல்லவை, பேச்சுப் பயிற்சியால் கூச்சம் போகும், ஓசூர் கம்பெனி இன்டர்வியூவுக்கு உதவும். ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய சொற்கள் அங்கே மிகக் குறைவாகவே நடமாடுகின்றன. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் பேச்சுமொழித் திறனையும் கல்விமொழித் திறனையும் 1979-லேயே பிரித்துக் காட்டினார். புதிய மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்குப் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிட்டாலும் கல்விமொழி கைவர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும் என்கிறது அவர் ஆய்வு. தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு வருகிறார்கள். மூன்று மொழி புழங்கும் பிள்ளையை 'இங்கிலீஷ் வராது' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது பெரிய அநியாயம்.

காக்ஸ்ஹெட் ஒதுக்கி வைத்த அந்த அடிப்படைப் பட்டியல் 1953-ல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்டது. அவர் பிரிட்டிஷ் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் தேவை ஆங்கிலம் படிக்கும் திறன் என்று வாதாடியவர். நம் துணைக்கண்டத்து வகுப்பறையில் தொடங்கிய யோசனை அது. எனக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு.

சரி, 570-ஐயும் மனப்பாடம் செய்துவிடலாமா? வேண்டாம் என்பேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் 'தினம் பத்து வார்த்தை' வகைப் புத்தகத்துக்கும் அதற்கும் அப்புறம் வித்தியாசம் இருக்காது. 2007-ல் கென் ஹைலண்ட், பாலி ட்ஸே இருவரும் இந்தப் பட்டியலையே கேள்வி கேட்டார்கள். ஒரே சொல் துறைக்குத் துறை வேறு பொருளில், வேறு சொற்களின் துணையோடு வருகிறது, எல்லோருக்கும் பொதுவான கல்விச் சொற்கள் என்று ஒன்று உண்டா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. வேதியியலில் சொல்யூஷன் என்றால் கரைசல், கணக்கில் தீர்வு. பட்டியலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அவரவர் துறைக் கட்டுரைதான்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் நூலகத்தில் உட்காருவோம். ஒரே பொருளைப் பற்றி மட்டும் கட்டுரைகள் எடுப்போம். ஃப்ளோரைடு என்றால் ஃப்ளோரைடு மட்டும். முதல் கட்டுரை உயிரை வாங்கும். ஒரு பக்கத்துக்கு இருபது இடத்தில் அடிக்கோடு விழும். இரண்டாவதில் அதே சொற்கள் திரும்ப வரும். நான்காவதில் முன்னுரை முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பார்கள். ஒரே பொருளைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே சொற்களைத்தான் புழங்குவார்கள் என்பதால் இது நடக்கிறது. இன்று தண்ணீர், நாளை நானோ, மறுநாள் மருந்து என்று தாவினால் எந்தச் சொல்லும் இரண்டாம் தடவை கண்ணில் படாது.

நோட்டில் சொல்லை மட்டும் எழுத விட மாட்டேன். வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். ஏனென்றால் சொல் தனியாகப் புழங்குவதில்லை. தமிழில் மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது. மழை அடிக்கிறது என்றாலும் புரியும், ஆனால் சாதாரண மழையை யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஸ்டடி என்றால் கண்டக்ட் அல்லது கேரி அவுட். கன்க்ளூஷன் என்றால் ட்ரா. ஹைப்பாதெஸிஸ் என்றால் டெஸ்ட். எவிடென்ஸ் என்றால் ப்ரொவைட். இந்தச் சேர்க்கை தெரியாமல் பொருள் மட்டும் தெரிந்தால் படிக்கலாம், எழுத முடியாது. அதன் கீழேயே குடும்பத்தையும் எழுதச் சொல்வேன்: வேரி, வேரியபிள், வேரியேஷன், வேரியன்ஸ், வேரியபிலிட்டி. ஒன்றைப் பிடித்தால் ஐந்து கைக்கு வரும். அகராதியைப் பொறுத்தவரை, மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதியைத் திறக்கச் சொல்கிறேன். லாங்மன் அகராதி 1978-ல் வந்தபோதே சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. இன்று அந்த மாதிரி அகராதிகள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பொருளையும் பக்கத்தில் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். தமிழில் யோசிக்காதே என்று அதட்டும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எழுதிய நோட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பலன் குறைவு. மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கார்பிக், ரோடிகர் இருவரும் 2008-ல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். தெரிந்துவிட்ட சொல்லையும் விடாமல் சோதித்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு வாரம் கழித்து சுமார் 80 விழுக்காடு சொன்னார்கள். தெரிந்துவிட்டது என்று சோதிப்பதை நிறுத்தி, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்கள் சொன்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நாங்கள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் துண்டு போட்டுச் சீட்டாக வைத்திருக்கிறோம். மொரப்பூர் பஸ்ஸில் வரும்போது ஒருத்தி கேட்க, ஒருத்தி சொல்வாள். சரியாகச் சொன்ன சீட்டு நான்கு நாள் கழித்து வரும், தவறிய சீட்டு மறுநாளே வரும்.

எழுதுவதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடையில் ஒரே ஒரு தடவை எடுத்த பத்துப் பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் 'திஸ் ப்ரூவ்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தரவு எதையும் நிரூபிக்காது. சஜஸ்ட், இன்டிகேட், மே, அப்பியர், டெண்ட் என்று அளந்து சொல்லும் சொற்கள் ஆய்வெழுத்தின் உயிர்நாடி. இது நமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. தமிழாய்வுக் கட்டுரைகளில் 'என்று கருத இடமுண்டு', 'எனலாம்', 'போலும்' என்று எத்தனை நுட்பமாகத் தயங்கி எழுதுகிறார்கள்! அதைக் காட்டியதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அதேபோல 'சிக்னிஃபிகன்ட்'. நம் துறையில் அதைப் போட்டால் புள்ளியியல் சோதனை செய்து, தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு மிகக் குறைவு என்று பார்த்தாகிவிட்டது என்று பொருள். சோதனை செய்யாமல் அந்தச் சொல்லைத் தொடவே கூடாது.

எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: இந்திய அறிவியல் அகாதெமியின் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) 'ரெசனன்ஸ்' இதழ் 1996 முதல் பெங்களூரிலிருந்து வருகிறது, இளங்கலை மாணவர்களை மனதில் வைத்து எழுதப்படுவது, இணையத்தில் இலவசம். அதில் தொடங்கலாம். கொஞ்சம் பழகியதும் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழ். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன, நம் மாவட்டத்தைப் பற்றியவையும் கிடைக்கும். தகவலுக்கு அவை நல்லவை. மொழிக்கு எல்லாவற்றையும் முன்மாதிரியாக எடுக்க வேண்டாம், சிலவற்றில் ஆங்கிலம் மிகவும் தள்ளாடுகிறது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஆய்வையே தமிழில் செய்யலாமே என்று தோழர்கள் கேட்பார்கள். செய்ய வேண்டும், முழு மனதோடு சொல்கிறேன். நம் பிள்ளைகளின் முடிவுகள் தமிழில் எழுதப்பட்டு, தண்ணீர் எடுத்த ஊரின் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அதே சமயம் ஃப்ளோரைடு பற்றியும், நம் மாவட்டத்துப் பெண் சிசுக்கொலை பற்றியும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் பற்றியும் வெளியிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சரியாக எழுதியவர்கள் உண்டு, இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு எழுதியவர்களும் உண்டு. எது சரி, எது பிசகு என்று சொல்லத் தகுதியான ஆள் நம் பிள்ளைதான். அவள் அதைப் படித்தாக வேண்டும், பதிலும் எழுதியாக வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட் வரை காத்திருக்காதீர்கள். இளங்கலை முதல் பருவத்திலேயே உங்கள் பாடத்தில் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும், எட்டுப் பத்து வரிதான் இருக்கும், வாரம் ஒன்று வகுப்பில் சேர்ந்து படியுங்கள். பிள்ளைகள் எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். வேதியியலுக்கு என்னிடம் அப்படி ஒரு பட்டியல் சேர்ந்திருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் நடத்துபவர்கள் அரூரிலோ ஊத்தங்கரையிலோ பர்கூரிலோ யாராவது தொடங்கினால் உங்கள் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அந்தத் துறைகளிலிருந்தும் பிள்ளைகள் சனிக்கிழமை வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.