பெரியவர்களின் சிக்கனம் ஒரு கைத்தொழில்

வீட்டுப் பெரியவர்கள் காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாலும் பழந்துணியைக் கிழித்து மடித்து வைத்தாலும் ‘கஞ்சம்’ என்று சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கிறது. பணத்தை இறுக்கிப் பிடிப்பது மட்டுமா அது? வீட்டுக்குள் வந்த பொருளுக்குக் கடைசிவரை தாங்களே பொறுப்பு என்று நினைத்தவர்கள் அவர்கள்.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும், ஓரம் உறுதியாக இருக்கும். என் பாட்டி அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஓரங்கள் நடுவே வரும்படி மாற்றித் தைத்துவிடுவார். மறுபடி பல மாதம் உழைக்கும். அதுவும் நைந்தால் தலையணை உறை, பிறகு கால்மிதி, கடைசியில் கரித்துணி. எந்த இடம் முதலில் இற்றுப்போகும், எந்தத் தையல் தாங்கும் என்று தெரிந்தால்தான் இது நடக்கும். நாம் தொலைத்தது இந்தக் கைப்பழக்கத்தை. ஒரே ஒரு பருத்தி டி-ஷர்ட்டை உருவாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாக இன்று கணக்குச் சொல்கிறார்கள். பாட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது, துணியின் அருமை தெரியும்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். மீந்ததை மறுவேளைக்கு மாற்றிச் சமைப்பார்கள், அளந்துதான் உலை வைப்பார்கள். 2022-இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் பாதிக்கு மேல் வீடுகளில் கொட்டியது.

எல்லாவற்றையும் அப்படியே கற்றுக்கொள்ளச் சொல்லமாட்டேன். பல்வலியைப் பொறுத்துக்கொண்டே காலம் தள்ளுவது, பவர் மாறியும் பழைய கண்ணாடியோடு தடுமாறுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். உடம்பை வருத்தி மிச்சம் பிடித்த காசு வைத்தியத்துக்கே போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழுது பார்க்க நமக்கு மனம் இருந்தாலும் பொருள் இடம் கொடுப்பதில்லை. 1924-இலேயே பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. இன்று போன் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். போன், லேப்டாப் போன்றவற்றை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று 2021-இல் பிரான்ஸில் விதி வந்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. எல்லா நாட்டிலும் இது வரவேண்டும். அதுவரை எந்தக் கடைக்குப் போனாலும் விலை விசாரிக்கும் முன் நான் கேட்பது இதுதான்: இதைத் திறக்க முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா?